எங்க புடிக்குது?

பட்டுப்புடவைக்கு சைஸ் கிடையாது. ஆரணியில் பட்டு விற்கிறவர்கள் எல்லாம் நிம்மதியாகத் தூங்கி எழுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒல்லியானவர் ஒரு மடிப்பு கூட வைத்துக் கட்டுவார், பருமனானவர் ஒரு மடிப்பு குறைத்துக் கட்டுவார். புடவை யாரையும் எதுவும் கேட்காது. இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த நான், நன்றாக யோசித்துத் தேர்ந்தெடுத்த தொழில் லேடீஸ் ரெடிமேட். நைட்டி, சுடிதார், டாப்ஸ், லெக்கின்ஸ், தைத்த ஜாக்கெட். கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில். நான் உள்ளே நின்று கையை நீட்டினால் எதிர்ச் சுவரைத் தொடலாம். வயிற்றை நீட்டினாலும் தொடலாம்.

இந்தத் தொழிலில் ஒரு கம்பெனியின் 'எல்' இன்னொரு கம்பெனிக்கு 'டபுள் எக்ஸெல்'. ஒரே கம்பெனியின் ஒரே கட்டில் வந்த இரண்டு டாப்ஸை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், பெரியம்மா மகளும் சித்தி மகளும் மாதிரி முகஜாடை இருக்கும், அவ்வளவுதான். 'ஃப்ரீ சைஸ்' என்று ஒன்று வரும். யாருக்குமே சேராததற்கு அந்தப் பெயர். இதையெல்லாம் விற்க எனக்கு இரண்டு வாக்கியங்கள் போதும். இறுக்கமாக இருந்தால், "போடப் போடத் தளர்ந்துடும்ங்க." தொளதொளவென்று இருந்தால், "ஒரு தண்ணி போட்டா சுருங்கிடும்ங்க." ஒரே நைட்டியைக் காட்டி, ஒரே நாளில், இரண்டையும் வெவ்வேறு ஆட்களிடம் சொல்லியிருக்கிறேன். நைட்டி ஒன்றும் சொல்லவில்லை.

என் பொய்கள் கடையை விட்டு இறங்கி இடது பக்கம் திரும்பினால் மாடிப்படி வரும். படிக்கு அடியில் ஒரு தையல் மெஷின். மெஷினுக்குப் பின்னால் அந்த அக்கா.

ஐம்பதைத் தாண்டியவர். கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதிலாக நூல். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. உட்காரும்போது ஒரு "ஏசப்பா", எழுந்திருக்கும்போது ஒரு "ஏசப்பா", ஊசியில் நூல் கோக்கும்போது இரண்டு. டீ வாங்கிக் கொடுத்தால் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆறி ஏடு படிந்த பிறகுதான் குடிப்பார். சூடாகக் குடித்து நான் பார்த்ததில்லை. புதுத் தையல் எடுக்க மாட்டார், ஆல்டர் மட்டும்தான். அதாவது என் கடையிலிருந்தும் என்னைப் போன்றவர்கள் கடையிலிருந்தும் பெண்கள் நம்பி வாங்கிப் போனதை, மறுநாள் உடம்புக்குச் சேர்த்துக் கொடுக்கிற வேலை.

துணியைக் கொண்டுவந்து நிற்கிறவர்கள் முதலில் சைஸைத்தான் சொல்வார்கள். "அக்கா, எனக்கு எப்பவும் எல்லுதான், இது எக்ஸெல்லு, அப்பவும்..." என்று ஆரம்பிப்பார்கள். அதைக் காதில் வாங்கவே மாட்டார்.

"எங்க புடிக்குது?"

அவ்வளவுதான் கேள்வி. டேப் ஒன்று கழுத்தில் தொங்கும், ஆனால் அதை எடுத்து அளந்து நம்பர் சொல்லிக் கேட்டவர்கள் யாரும் இல்லை. கையைத் தூக்கச் சொல்வார், இறக்கச் சொல்வார், உட்கார்ந்து எழச் சொல்வார். பிறகு துணியை வாங்கித் திருப்பிப் போட்டு, வேறு எதுவும் செய்வதற்கு முன்னால், கழுத்துப் பக்கம் இருக்கிற சைஸ் லேபிளைக் கத்திரி நுனியால் டிக்கென்று வெட்டிப் பக்கத்திலிருந்த பிஸ்கட் டின்னுக்குள் போட்டுவிடுவார். பிறகுதான் வேலை. எதற்கு வெட்டுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "கழுத்துல குத்தும்" என்றார். சரி, எதற்கு டின்னில் போடுகிறீர்கள் என்றதற்கு, "கீழ போட்டா கூட்டிப் பெருக்கறது யாரு, நீயா?" என்றார். என்னை மொதலாளி என்றுதான் கூப்பிடுவார். எட்டடிக் கடைக்கு அது எப்படிப்பட்ட மரியாதை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கடை போட்ட புதிதில் ஒரு கூத்து நடந்தது. துணி மாற்றுகிற திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண், "புடிக்குதுங்க" என்றார். நான் சந்தோஷமாக பில் எழுதிக் கவரையும் பிரித்துவிட்டேன். அவர் வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

"அண்ணா, புடிக்குதுன்னு சொன்னேன்."

"அதாங்க, பேக் பண்ணிடலாம்."

"அக்குள்ல புடிக்குதுன்னு சொன்னேன்."

படிக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. நான்கு வருடத்தில் அந்த அக்கா சத்தமாகச் சிரித்தது அந்த ஒரு முறைதான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மொதலாளி, நம்ம ஊர்ல புடிக்குதுன்னா ரெண்டு அர்த்தம். ஒன்னு உனுக்கு, ஒன்னு எனுக்கு."

எப்போது தைத்துக் கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு அவர் பதில் ஒரே எழுத்து: "வா." குட்டையாக "வா" என்றால் நாளைக்கு. "வாஆ" என்று நீட்டினால் அடுத்த வாரம். ஊரில் பெண்களுக்கெல்லாம் இந்தக் கணக்கு அத்துப்படி. எனக்குத்தான் கடைசிவரை பிடிபடவில்லை.

எங்கே பிடிக்கிறது என்று ஒருவர் அக்கறையாகக் கேட்டுவிட்டால், சிலருக்கு அக்குளோடு நிற்காது. தோளில் ஆரம்பித்து நாத்தனாரில் போய் முடியும். அக்கா ஊசியை வாயில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பார். முடிந்ததும், "அத என்னால பிரிச்சு விட முடியாதும்மா. நீ கைய தூக்கு" என்பார். போனவர் முதுகைப் பார்த்துக்கொண்டே என்னிடம், "காலைல இருந்து பதினோரு பேரு. ஒருத்திகூட துணி மேல கொற சொல்லல. அத்தினி பேரும் ஒடம்பத்தான் திட்டிகினு வராளுங்க" என்றார் ஒரு நாள். ஆத்திரமாகச் சொல்லவில்லை. பஸ் லேட் என்கிற மாதிரிதான் சொன்னார்.

என் கெட்ட பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கடையில் நான் ஒருவன்தான். ஆனாலும் பெரிய கடை என்று தெரிவதற்காக, "டபுள் எக்ஸெல் ஒன்னு எடுப்பா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, நானே போய் எடுத்து வருவேன். ஒரு நாள் புதிதாகக் கல்யாணமான பெண்ணொருவர் மாமியாரோடு வந்திருந்தார். நான் வழக்கம்போலக் குரல் கொடுத்தேன். மாமியார் மருமகளை மேலிருந்து கீழ் ஒரு தடவை பார்த்தார். "டபுளா?" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெண் அதற்குப் பிறகு எந்தத் துணியையும் தொடவில்லை.

அக்கா எழுந்து உள்ளே வந்தார். சுடிதாரை வாங்கித் திருப்பினார், டிக்கென்று லேபிளை வெட்டினார். "கம்பெனிக்காரன் தப்பா போட்டுருக்கான். நீ போட்டுப் பாரும்மா" என்றார். அந்தப் பெண் போட்டுப் பார்த்தார், அளவாக இருந்தது. அவர்கள் போனதும் என்னிடம் வந்து, "ஊருக்கே தண்டோரா போடறியா மொதலாளி?" என்றார். நான் அன்று போட்டிருந்த சட்டை டபுள் எக்ஸெல். எக்ஸெல் என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

செய்யார் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண் வந்தது அதற்கு அடுத்த வருடம்.

முப்பது வயதிருக்கும். தெள்ளாரிலிருந்து ஆரணிப் பக்கம் வாக்கப்பட்டு வந்தவர். இரண்டு பிள்ளைகள். புருஷனுக்கு முதுகில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடக்க, இவருக்குக் கம்பெனி வேலை கிடைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சுடிதாருக்கு மேலே போட்டுக்கொள்ள ஒரு கருநீலக் கோட்டு கொடுத்திருந்தார்கள். எக்ஸெல். பட்டன் எல்லாம் போட்டிருந்தால்தான் மெஷின் பக்கம் விடுவார்கள். இவருக்கு மார்புக்கு நேரே நாலு விரற்கடை பிளந்து நின்றது.

"எங்கூட சேந்தவளுக்கும் எக்ஸெல்லுதான்க்கா குடுத்தாங்க. அவளுக்கு முட்டி வரைக்கும் தொங்குது" என்றார் தெள்ளார்க்காரப் பெண். "மாத்திக்கறோம்னு கேட்டோம். நம்பர் ஏத்தியாச்சு, மாத்தக்கூடாதுன்னுட்டாங்க. இதவிட பெருசும் இல்லியாம். புதுசா சேந்தவங்க மூணு நாளு சேந்தாப்புல உள்ள போவலன்னா பேர அடிச்சிடுவாங்க. ரெண்டு நாளா கேட்டுலயே திருப்பி அனுப்பிட்டாங்க."

"நாளைக்கு எப்ப ஷிப்ட்டு?"

"மத்தியானம் ரெண்டு மணி."

"எங்க புடிக்குது?"

நம்பர் ஏற்றியாச்சு என்று அந்தப் பெண் சொன்னது அக்காவின் காதில் ஏறவில்லை. நம்பர் என்று யார் ஆரம்பித்தாலும் அவர் காது தானாக மூடிக்கொள்ளும். எனக்கும் இரண்டு காது இருந்தது. என்ன பிரயோஜனம்?

டிக். லேபிள் டின்னுக்குள் போனது.

கோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாவிங்க, பிரிச்சு விட உள்ள ஒரு நூலு துணி விடல" என்றார். பிறகு "ஏசப்பா" என்று எழுந்து என் கடைக்குள் வந்து, மூலையில் தொங்கிய கருநீல டாப்ஸ் ஒன்றை ஹேங்கரோடு எடுத்துக்கொண்டு போனார். ஃப்ரீ சைஸ். நான் வெளியே வருவதற்குள் கத்திரி பாதி தூரம் போயிருந்தது.

"அக்கா, அது புதுசு. அத போயி வெட்டிட்டீங்களே."

"ரெண்டு வருசமா தொங்கிகினு கீது மொதலாளி. இன்னிக்குத்தான் யாருக்கோ சேரப் போவுது."

அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் ஒரு பட்டி வைத்துத் தைத்தார். என் டாப்ஸின் நீலம் கோட்டின் நீலத்தைவிட ஒரு நிறம் வெளுப்பு. கையைக் கீழே விட்டால் தெரியாது. சாயங்காலம் அந்தப் பெண் போட்டுப் பார்த்தார். எல்லாப் பட்டனும் போட முடிந்தது. அக்கா கையைத் தூக்கச் சொன்னார்.

"எங்கனா புடிக்குதா?"

"இல்லக்கா" என்றார் அந்தப் பெண். கையை இறக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

மறுநாள் மத்தியானம் ஒன்றரை மணிக்கு என் போன் அடித்தது. கடைக் கவரில் இருந்த நம்பரைப் பார்த்து அந்தத் தெள்ளார்க்காரப் பெண்தான் கூப்பிட்டிருந்தார். கேட்டில் கோட்டின் கழுத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். லேபிள் இல்லை. சைஸுக்குக் கீழேதான் கோட்டு நம்பரும் அச்சடித்திருக்குமாம், அது ரெஜிஸ்டரில் அவர் பேருக்கு நேரே ஏறியிருக்கிறதாம். "வெளிய தெச்ச கோட்டு, கம்பெனி கோட்டு இல்ல" என்று நிறுத்திவிட்டார்கள். மூன்று மணிக்குள் உள்ளே போனால் இன்று வந்த கணக்கு. போகாவிட்டால் மூன்றாவது நாள். போட்டோ எடுத்து அனுப்பினாலும் ஆகாதாம், லேபிள் கோட்டில் இருக்க வேண்டுமாம்.

நான் அக்காவிடம் சொன்னேன். அவர் கத்திரியைக் கீழே வைத்தார். ஊசியையும் நூலையும் முந்தானையில் முடிந்துகொண்டு டின்னை எடுத்து மூடினார். "வண்டிய எடு" என்றார்.

முன்னால் நான், பின்னால் அக்கா, நடுவில் டின். என் வயிறு பெட்ரோல் டேங்க் மேல் தனியாக ஒரு ஆளாக உட்கார்ந்து வந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் டின்னின் விளிம்பு என் முதுகில் குத்தியது. ஊரைத் தாண்டியதும் நான்தான் பேச்சுக் கொடுத்தேன்.

"உங்க மேல தப்பு இல்லக்கா. பட்டன் போட்டாத்தான் உள்ள விடுவேன்னாங்க, போட வெச்சீங்க."

"துணியில தப்பு பண்ணா பிரிச்சுத் தெக்கலாம் மொதலாளி" என்றார் பின்னாலிருந்து. "இது அவ வேல."

கேட்டுக்கு எதிரே புங்கமர நிழலில் அந்தப் பெண் நின்றிருந்தார். நல்ல வெயில் நேரம். கோட்டில் ஒரு பட்டனைக்கூட அவர் கழற்றவில்லை. கழற்றினால் மறுபடி போட முடியாமல் போய்விடுமோ என்று பயந்த மாதிரி, வியர்த்துக்கொண்டு நின்றார். மணி இரண்டரை தாண்டியிருந்தது.

நான் துண்டை விரித்து டின்னை அப்படியே கவிழ்த்தேன். பல வருடத்து லேபிள்கள். வெள்ளை, கறுப்பு, மஞ்சள். எல், எம், எக்ஸெல், முப்பத்தெட்டு, நாற்பது. பெரும்பாலும் வெள்ளை. கேட்டிலிருந்த வாட்ச்மேன் ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க இது?"

"லேபிளு."

"இம்மா பேருதா?"

"நம்பர் சொல்லு சார்" என்றார் அக்கா. அவர் வாயில் நம்பர் என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"கடைசி ரெண்டு எழுத்து நாப்பத்தேழு."

நாங்கள் மூவரும் மண்டியிட்டுத் தேடினோம். அக்காவுக்குச் சின்ன எழுத்து தெரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் படித்தேன். பதற்றத்தில் என் கடைக்குரல் வந்துவிட்டது. "எக்ஸெல்லு... டபுள் எக்ஸெல்லு... டபுள் எக்ஸெல்லு..."

"மெதுவா" என்றார் அக்கா. "ஏன் கத்தற?"

கம்பெனி கேட்டின் முன்னால், யாருடையது என்றே தெரியாத லேபிள்களுக்கு நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். நேற்றுப் போட்ட லேபிள் டின்னில் எல்லாவற்றுக்கும் மேலேதான் இருந்திருக்கும், கவிழ்த்துக் கொட்டியதால் இப்போது எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது என்பது எனக்கு உறைக்க இன்னும் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பெண் குவியலின் அடிப்பக்கம் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். அதில் இருந்தது. எக்ஸெல். அடியில் பொடி எழுத்தில் நம்பர், நாற்பத்தேழில் முடிந்தது.

கோட்டை வாங்கி மடியில் போட்டு, அக்கா நான்கு தையல் போட்டார். "ஏசப்பா" சொல்லவில்லை, நூல் முதல் தடவையே ஊசியில் ஏறியது. வாட்ச்மேன் கோட்டின் கழுத்தைத் திருப்பினார், ரெஜிஸ்டரைப் பார்த்தார், மறுபடி கழுத்தைப் பார்த்தார். அக்குளில் இரண்டு பக்கமும் வேறு நீலத்தில் இரண்டு பட்டி, பட்டப்பகலில், அவர் மூக்குக்கு நேரே. அவர் அதைப் பார்க்கவில்லை.

"எக்ஸெல்லு. சரியா கீது. உள்ள போம்மா."

மூன்று மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அந்தப் பெண் பட்டன்களைப் போட்டுக்கொண்டே ஓடினார். உள்ளே பாதி தூரம் போனவர் நின்று, எங்கள் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் நன்றாக மேலே தூக்கினார். அப்படியே கொஞ்ச நேரம் நின்று, இறக்கிவிட்டுப் போனார். டாட்டா காட்டுகிறார் என்று நினைத்து வாட்ச்மேன் பதிலுக்குக் கையை ஆட்டினார்.

அக்கா மண்ணில் பறந்து விழுந்திருந்த லேபிள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டின்னில் போட்டுக்கொண்டிருந்தார்.

"விட்டுடுங்கக்கா, குப்பதானே."

"எது எவளோடதுன்னு தெரியலியே" என்றார். "எவள எங்க நிறுத்தி வெச்சிகினு கேக்கறானுங்களோ."

மறுநாளிலிருந்து வழக்கம் மாறியது. எங்கே பிடிக்கிறது என்று கேட்பார், கையைத் தூக்கச் சொல்வார், டிக்கென்று லேபிளை வெட்டுவார். எல்லாம் பழையபடிதான். ஆனால் டின்னில் போடாமல், எதிரே நிற்கிறவர் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்துவிடுவார்.

"இத வெச்சி இன்னாக்கா பண்றது?"

"வெச்சிக்கோ. எங்கனா கேப்பாங்க."

அடுத்த வருடம் முட்டி வலி அதிகமாகி, வெம்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மெஷினை ஏற்றுகிற அன்று எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்டேன். "வரேன்" என்றார். அது குட்டையா, நீட்டலா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு முந்தின வாரம் அவர் கடைசியாகச் செய்து கொடுத்த வேலை என்னுடைய பேண்ட். பெண்கள் துணியைத் தவிர எதையும் தொடாதவரிடம் கெஞ்சிக் கொடுத்தேன்.

"எங்க புடிக்குது?"

"எல்லா எடத்துலயும்க்கா."

என்னை ஒரு பார்வை பார்த்தார். சிரிக்கவில்லை. பேண்ட்டைத் திருப்பி லேபிளை வெட்டி என் உள்ளங்கையில் வைத்தார். பர்ஸில், என் போட்டோவுக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது. முப்பத்தெட்டு என்று போட்டிருக்கிறது. நான் முப்பத்தெட்டு இல்லை. அந்தப் பேண்ட்டும் முப்பத்தெட்டு இல்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை.